நம்பர் கையில இருக்கு எண்டதுக்காக அனுப்பலாமா?

வெள்ளவத்தையில இருந்து ஒரு தங்கச்சி நீளமா ஒரு கடிதம் எழுதியிருக்கிறா. ஆளையும் கடையையும் அடையாளம் காட்டுற விஷயங்களை எடுத்திட்டு, சுருக்கி இங்க தாறன்.

அவவுக்கு வயசு 26. டிஜிட்டல் மார்க்கெட்டிங்ல டிப்ளோமா செய்திட்டு ரெண்டு வருஷமா ஒரு புடவைக்கடையில வேலை. பேஸ்புக் பேஜ், வட்ஸ்அப், எஸ்எம்எஸ் எல்லாம் அவதான் பார்க்கிறா. போன வருஷம் முதலாளி யாரோ ஒரு ஆளிட்ட காசு குடுத்து ஆறாயிரம் போன் நம்பர் இருக்கிற ஒரு எக்செல் லிஸ்ட் வாங்கிக்கொண்டு வந்தாராம், அதுக்குள்ள ஒரு பாடசாலையின்ட பெற்றார் குழுவில இருந்த நம்பர்களும் இருக்கு எண்டு இவவுக்கு விளங்குது, ஏன் எண்டா பிள்ளையின்ட பெயரும் வகுப்பும் பக்கத்தில அப்பிடியே கிடக்கு. ஒரு நாளைக்கு மூண்டு மெசேஜ், கடைசி மெசேஜ் இரவு பத்து மணிக்கு, "அப்பதான் சனம் போனோட சும்மா இருக்கும்" எண்டு முதலாளி சொல்றார். ஸ்டோர்ல நாப்பது சாரி இருக்கேக்க "ரெண்டே ரெண்டுதான் இருக்கு" எண்டு போடச் சொல்றார். கேக்காம ஆக்களை வட்ஸ்அப் குரூப்பில சேர்க்கிறதும் நடக்குது. அதோட மழை நாளில மஞ்சளும் சிவப்புமா "அவசர அறிவித்தல்" எண்டு ஒரு படம், திறந்து பார்த்தா கீழ முப்பது வீதத் தள்ளுபடி. இதெல்லாம் போறது இவவின்ட பெயரில எடுத்த சிம்மில இருந்து.

அப்பாவுக்கு டயாலிசிஸ். அம்மா கிளினிக்கில இருந்து கோல் வரும் எண்டு போனை எப்பவும் சத்தமா வைச்சிருக்கிறவ, ஒவ்வொரு தரமும் திடுக்கிட்டுப் போய் எடுத்துப் பார்க்கிறா. ஒரு இரவு அவ எடுத்துப் பார்த்தது தன்ட மகள் அனுப்பின சாரி விளம்பரம். அதுக்குப் பிறகுதான் இந்தக் கடிதம்.

அவ கேக்கிறது நாலு கேள்வி. இது சட்டப்படி பிழையா, எல்லாரும் செய்யினம்தானே? முதலாளி சொல்லித்தானே செய்யிறன், எனக்கும் பிரச்சினை வருமா? இப்பிடிச் செய்யாட்டி வியாபாரம் படுத்திடும் எண்டு அவர் சொல்றது உண்மையா? நான் வேலையை விடவா, இல்லாட்டி எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து பேஸ்புக்கில போடவா?

தங்கச்சி, முதல்ல ஒண்டு சொல்றன். உங்களுக்கு வந்த அந்தக் குற்ற உணர்ச்சி சின்னப்பிள்ளைத்தனம் இல்லை. "நான் கூடுதலா யோசிக்கிறனோ தெரியேல்ல" எண்டு எழுதியிருக்கிறீங்க, இல்லை, நீங்க சரியான இடத்திலதான் யோசிச்சிருக்கிறீங்க. ஒரு மனுசர் தன்ட நம்பரை ஒரு காரியத்துக்கு எண்டு தாறார், டிலிவரிக்கு, பிள்ளையின்ட பள்ளிக்கூட விஷயத்துக்கு, அந்தக் காரியத்தோட அந்த அனுமதி முடிஞ்சுது. மிச்ச நேரம், மிச்சக் கவனம் முழுக்க அவருடையது. அதை எடுக்கிறதெண்டா திரும்பக் கேட்டுத்தான் எடுக்க வேணும், நான் கீழ எழுதப்போற சட்டமும் சரி, வியாபாரமும் சரி, எல்லாம் இதில இருந்துதான் வருது.

புறக்கோட்டையில கடை வாசல்ல நிண்டு "வாங்க அக்கா, உள்ள வந்து பாருங்க" எண்டு கூப்பிடுற பொடியன்களோட நாங்க யாரும் கோவிக்கிறதில்லை, ஏன் எண்டா அங்க நாங்க போனதே சாமான் வாங்கத்தான், வேண்டாம் எண்டா தலையை ஆட்டிட்டு அடுத்த கடைக்கு நடக்கலாம். அதே பொடியன் இரவு பத்து மணிக்கு உங்கட அறை வாசல்ல வந்து நிண்டு கூப்பிட்டா நீங்க பொலிசுக்குத்தான் கோல் எடுப்பீங்க. விளம்பரம் செய்யிறது பிழை எண்டு நான் சொல்லவே இல்லை, எந்த இடத்தில, எந்த நேரத்தில, கேட்டா கேக்காமலா எண்டதுதான் விஷயம்.

சட்டம் என்ன சொல்லுது

"எல்லாரும் செய்யினம், அப்ப இலங்கையில இதுக்குச் சட்டம் இல்லைப் போல" எண்டு நினைச்சிருக்கிறீங்க. இருக்கு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை 2022 மார்ச் மாசம் சபாநாயகர் சான்றுப்படுத்திட்டார். அதில ஒரு பகுதி முழுக்க இந்த மெசேஜ் விவகாரத்துக்குத்தான். தபாலோ, போனோ, ஈமெயிலோ, எதால அனுப்பினாலும் விளம்பர மெசேஜ் எண்டா அந்த ஆளின்ட சம்மதம் வேணும், வேண்டாம் எண்டா எப்பிடி நிப்பாட்டுறது எண்டு அவருக்குச் சொல்ல வேணும், நிப்பாட்டுறதுக்கு அவரிட்ட ஒரு சதமும் வாங்கக்கூடாது. அதோட ஒரு காரியத்துக்கு வாங்கின தரவை அதோட பொருந்தாத இன்னொரு காரியத்துக்குப் பாவிக்கக்கூடாது எண்டதும் அந்தச் சட்டத்தின்ட அடிப்படை. மீறினா தண்டப்பணம் ஒரு மீறலுக்கு ஒரு கோடி ரூபா வரைக்கும் போகலாம். ஒரு புடவைக்கடைக்கு ஒரு கோடி எண்டா என்ன எண்டு முதலாளிக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஒண்டை நேர்மையாச் சொல்ல வேணும். இந்தச் சட்டத்தின்ட எல்லாப் பகுதியும் ஒரே நாளில நடைமுறைக்கு வந்ததில்லை. தரவுப் பாதுகாப்பு அதிகார சபையை அமைக்கிற பகுதி 2023 ஜூலையில முதல்ல வந்தது, மற்றப் பகுதிகளுக்கு வர்த்தமானியில தனித்தனியாத் திகதி போடுறது, திகதிகள் தள்ளியும் போயிருக்கு. உங்கட முதலாளியின்ட லோயர் இதைத்தான் பிடிச்சுக்கொண்டு "இப்ப ஒண்டும் இல்லை" எண்டு சொல்லக்கூடும். அந்தத் தைரியத்தில இருக்க வேண்டாம். இண்டைக்குச் சம்மதம் இல்லாம சேர்த்து வைச்ச ஆறாயிரம் நம்பர் அந்தப் பகுதி நடைமுறையில இருக்கிற நாளிலயும் சம்மதம் இல்லாத ஆறாயிரம் நம்பர்தான், பழைய லிஸ்ட் எண்டதால அது சுத்தமாகாது.

அதோட தரவுச் சட்டத்துக்கு முதலே ரெண்டு சட்டம் இருக்கு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில 30ஆம் பிரிவைப் பாருங்க, வியாபாரி ஒருத்தர் நுகர்வோரைத் தவறா வழிநடத்துற, ஏமாத்துற, ஏமாத்தக்கூடிய எந்த நடத்தையிலயும் ஈடுபடக்கூடாது. நாப்பது இருக்கேக்க "ரெண்டுதான்" எண்டு போடுறது இதுக்குள்ள வடிவா வந்து விழும். கடைக்குள்ள வாயால சொன்ன பொய் காத்தோட போயிடும், மெசேஜில போட்ட பொய்க்குத் திகதி, நேரம், போன நம்பர் எல்லாம் சாட்சி. ஒரு வாடிக்கையாளர் அந்த அதிகார சபையின்ட 1977 எண்ட நம்பருக்கு கோல் எடுத்து முறைப்பாடு சொன்னாலே போதும்.

மற்றது அந்த லிஸ்ட். எனக்கு உங்கட கடிதத்தில கூடக் கவலை தந்த இடம் அதுதான். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி, அதிகாரம் இல்லாம ஒரு கணினியில இருந்தோ சேமிப்புக் கருவியில இருந்தோ எடுத்த தகவல் எண்டு தெரிஞ்சோ, அப்பிடி நம்பக் காரணம் இருந்தோ, அதை வாங்கிறது, வைச்சிருக்கிறது, விக்கிறது எல்லாம் குற்றம், சிறைத்தண்டனை வரைக்கும் இருக்கு. பிள்ளையின்ட பெயரும் வகுப்பும் போட்ட ஒரு லிஸ்ட் எங்கயோ ஒரு ஒபிஸ் கொம்பியூட்டர்ல இருந்து வந்திருக்கலாம் எண்டு யோசிக்கிறது அவ்வளவு கஷ்டமில்லை. அது உண்மையிலயே களவா எடுத்ததா எண்டு நிரூபிக்கிறது வேற கதை, ஆனா "எனக்குச் சந்தேகமே வரேல்ல" எண்டு நீங்க பிறகு சொல்ல ஏலாது, கடிதத்திலயே சந்தேகத்தை எழுதிட்டீங்க. பிள்ளைகளின்ட விபரம் இருக்கிற அந்த லிஸ்டை இனித் திறக்கவும் வேண்டாம், யாருக்கும் அனுப்பவும் வேண்டாம்.

"முதலாளி சொன்னவர்" எண்டது எவ்வளவு தூரம் காப்பாத்தும்

தரவுச் சட்டத்தில பொறுப்பு முதல்ல நிறுவனத்துக்குத்தான், எதுக்கு, எப்பிடிப் பாவிக்கிறது எண்டு தீர்மானிக்கிறவர் அவர். நுகர்வோர் சட்டமும் வியாபாரியைத்தான் பிடிக்கும். இந்த அளவுக்கு நீங்க நினைச்சது சரி. ஆனா ரெண்டு இடத்தில பிழைச்சுப்போச்சு.

ஒண்டு, நான் மேல சொன்ன கணினிக் குற்றச் சட்டம் "யாராவது ஒரு ஆள்" எண்டுதான் கதைக்குது, முதலாளி தொழிலாளி எண்டு பிரிச்சுப் பார்க்கிறதில்லை. மற்றது சிம். எங்கட நாட்டில சிம் எடுக்கிறது அடையாள அட்டை குடுத்து. மெசேஜ் வந்த ஒரு ஆள் கோவத்தில முறைப்பாடு போட்டா, முதல்ல வாற பெயர் கடையின்ட பெயர் இல்லை, உங்கட பெயர். நாளைக்கு நீங்க வேலையை விட்டிட்டுப் போன பிறகு அந்த சிம்மை வேற ஒருத்தர் பாவிச்சு என்னத்தை அனுப்பினாலும் அதுவும் உங்கட பெயரிலதான் நிக்கும். வட்ஸ்அப் அந்த நம்பரைத் தடை செய்தா, அதுவும் உங்கட நம்பர்தான் போகும். நீங்க இதைக் கடிதத்தில ஒரு வரியில போற போக்கில எழுதியிருக்கிறீங்க, என்னைக் கேட்டா முழுக் கடிதத்திலயும் முதல்ல செய்ய வேண்டிய வேலை இதுதான். கடையின்ட பெயரில ஒரு சிம் எடுக்கச் சொல்லுங்க, உங்கட சிம்மை உங்கட கையில திரும்ப வாங்குங்க. முதலாளி ஓம் எண்டாலும் சரி இல்லை எண்டாலும் சரி, இதில விட்டுக்குடுக்க வேண்டாம்.

வட்ஸ்அப் குரூப் பத்தியும் ஒரு சொல். சும்மா சேர்த்து விட்டா என்ன, விருப்பம் இல்லாட்டி வெளியில போவினம்தானே எண்டு நினைக்கிறீங்க. குரூப்பில சேர்த்த அந்த நிமிஷமே ஒவ்வொரு ஆளின்ட நம்பரும் அதில இருக்கிற மிச்ச எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. அதுக்குள்ள தனியா இருக்கிற ஒரு பொம்பிளைப்பிள்ளையின்ட நம்பர் இருக்கும், ஒருத்தருக்குத் தெரியக்கூடாது எண்டு நம்பர் மாத்தின ஆள் இருப்பா. வெளியில போனாலும் போன நம்பர் திரும்பி வராது. ஒரே மெசேஜைப் பல பேருக்குத் தனித்தனியா அனுப்புற வட்ஸ்அப்பின்ட பிரோட்காஸ்ட் லிஸ்டில உங்கட நம்பரைத் தன்ட போனில சேவ் பண்ணி வைச்ச ஆளுக்கு மட்டும்தான் மெசேஜ் போகும், ஒரு லிஸ்டில 256 பேர்தான். முதலாளி அது "வேலை செய்யுதில்லை" எண்டு சொல்லித்தானே குரூப்புக்கு மாறினவர். அது வேலை செய்யத்தான் செய்யுது, வேணும் எண்ட ஆளுக்கு மட்டும் போகட்டும் எண்டுதான் அப்பிடி வைச்சிருக்கு.

"அனுப்பிறது ஓசிதானே" எண்ட கதை

முதலாளி இதை அடிக்கடி சொல்றார் எண்டு எழுதியிருக்கிறீங்க. அவருக்குக் கிட்டத்தட்ட ஓசிதான். செலவு போறது மற்றப் பக்கத்தில. ஆறாயிரம் பேர், நாளைக்கு மூண்டு மெசேஜ், ஒரு ஆள் போனை எடுத்து, பார்த்து, திரும்ப வைக்கப் பத்து செக்கன் எண்டு வைச்சுப் பாருங்க, ஒரு நாளைக்கு 50 மணித்தியாலம். ஒரே ஒரு கடை, ஒரே ஒரு நாள். அந்த 50 மணித்தியாலத்துக்குள்ள படுத்து ரெண்டு மணித்தியாலத்தில நித்திரை முழிச்ச நைட் டியூட்டி நர்ஸ் இருக்கிறா, சோதனைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கு, காலி வீதியில ஓட்டோ ஓடிக்கொண்டு போனைக் குனிஞ்சு பார்க்கிற மனுசன் இருக்கிறார். படமும் வீடியோவும் எண்டா அதுக்கு டேட்டாவும் அவையின்ட ரீலோட்ல இருந்துதான் போகுது.

ஹேர்பர்ட் சைமன் எண்ட பொருளியலாளர் 1971இலயே, தகவல் கூடக் கூட அதைக் கேக்கிறவையின்ட கவனம் குறைஞ்சு போகும், தகவல் தின்னுறது மனுசரின்ட கவனத்தைத்தான் எண்டு எழுதினவர். அவருக்கு 1978இல நோபல் பரிசும் கிடைச்சது. அதே 1978 மே மாசம்தான் அமெரிக்காவில ஒரு கொம்பியூட்டர் கம்பனியின்ட மார்க்கெட்டிங் ஆள் இன்டர்நெட்டுக்கு முன்னோடியான ஆர்பாநெட் வலையமைப்பில நானூறு பேரளவுக்கு ஒரே விளம்பரத்தை ஒண்டா அனுப்பினார், முறைப்பாடும் உடனயே வந்தது. அண்டைக்கே அவருக்குக் கொஞ்சம் விற்பனையும் நடந்தது. முதலாளி சொல்ற "ஆனா விக்குதுதானே" எண்ட நியாயம் புதுசில்லை, அண்டைக்கே இருந்ததுதான். அண்டைக்கே அதுக்கு எதிரா சனம் கோவிச்சதும் இருந்தது.

மஞ்சள் சிவப்பு "அவசர அறிவித்தல்"

இதில நான் கொஞ்சம் நிக்கப்போறன், ஏன் எண்டா இது வெறும் தொந்தரவு இல்லை, ஆபத்து.

களனி ஆறு பெருகினா கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் தண்ணி ஏறுறது கொழும்பில இருக்கிற எல்லாருக்கும் தெரியும், 2016 மே மாசம் கண்டனாங்கள். அந்த வீடுகளில இருக்கிற ஆக்கள் மழை நாளில போனைக் கையில வைச்சுக்கொண்டு இருக்கிறது அறிவித்தல் வருமா எண்டு பார்க்கத்தான், அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117க்கு அடிச்சுக் கேக்கிறவையும் அவைதான். அந்த நேரம் அதே நிறத்தில, அதே மாதிரி எழுத்தில உங்கட கடைப் படம் போகுது. முதல் தரம் பயந்து திறப்பினம். ரெண்டாம் தரம் ஏசுவினம். மூண்டாம் தரம் திறக்க மாட்டினம், அந்த மூண்டாவது உண்மையான அறிவித்தலா இருந்தா? உங்கட கடை எடுத்தது பத்து செக்கன் மட்டும் இல்லை, எச்சரிக்கை எண்டா நம்பலாம் எண்ட நம்பிக்கையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போச்சு. அதைத் திருப்பிக் குடுக்க எந்தக் கடையாலயும் ஏலாது.

இந்த டிசைனை இனிச் செய்ய ஏலாது எண்டு முதலாளிக்கு நேரா சொல்லுங்க. மிச்ச விஷயங்களில பேரம் பேசலாம், கொஞ்சம் கொஞ்சமா மாத்தலாம், இதில அப்பிடி ஒண்டும் இல்லை, இண்டைக்கே நிப்பாட்ட வேணும்.

"கமெண்ட்ல ஓம் எண்டு போடுங்க, மூண்டு பேரை டேக் பண்ணுங்க" எண்ட போஸ்ட் பத்தியும் கேட்டிருந்தீங்க. அது குற்றம் இல்லை, ஆனா பேஸ்புக்கே 2017 டிசம்பர்ல அந்த மாதிரிப் போஸ்ட்களைக் கீழ தள்ளுறம் எண்டு அறிவிச்சிட்டுது. அதால நேரம் போகும், பலன் இல்லை.

வியாபாரம் படுத்திடுமா

முதலாளியின்ட பயத்தைச் சின்னனா எடுக்க வேண்டாம். 2022 நெருக்கடிக்குப் பிறகு கடை வாடகை, கரண்ட் பில், சனத்தின்ட கையில காசில்லாத நிலைமை எல்லாத்தையும் தாண்டி ஒரு புடவைக்கடையை நடத்துறது லேசான வேலை இல்லை. அவர் கெட்டவர் எண்டு நீங்களும் எழுதேல்ல, அப்பாவின்ட சிகிச்சைக்கு லீவு தாறவர் எண்டுதான் எழுதியிருக்கிறீங்க. அதால அவரோட கதைக்கிறதுக்கு இடம் இருக்கு எண்டுதான் எனக்குப் படுது. ஆனா "பாவம் சனம்" எண்டு தொடங்கினா அவர் கேக்க மாட்டார், வியாபாரத்தில இருந்து தொடங்குங்க.

மெசேஜ் போன எண்ணிக்கையைத்தான் அவர் பார்க்கிறார். அதைப் பார்த்து வந்து சாமான் வாங்கின ஆக்கள் எத்தனை பேர் எண்டு அவரிட்ட கணக்கு இருக்கா? இல்லை எண்டு நினைக்கிறன். ரெண்டு கிழமை கவுண்டர்ல ஒரு கொப்பி வையுங்க, வாற ஆளிட்ட "எப்பிடிக் கேள்விப்பட்டீங்க" எண்டு ஒரு கேள்வி, அவ்வளவுதான். மற்றப் பக்கத்தில புளொக் பண்ணின ஆக்கள், "இனி அனுப்பாதீங்க" எண்டு எழுதின ஆக்கள், அதையும் எண்ணுங்க. புளொக் பண்ணின ஒருத்தருக்கு நீங்க இனிச் சும்மா சாரி குடுக்கிறம் எண்டாலும் சொல்ல வழியில்லை.

எங்கட சனம் புடவை வாங்கிறது எப்ப எண்டு அவருக்கு என்னை விட வடிவாத் தெரியும். தைப்பொங்கல், சித்திரைப் புதுவருஷம், தீபாவளி, ஆவணிக் கல்யாணம். ஒரு வீட்டில கூறைச்சேலை எடுத்து முடிஞ்சா அந்த வீட்டுக்கு அடுத்த ஆறு மாசத்துக்குக் கூறை விளம்பரம் தேவையே இல்லை, ஆனா பிள்ளை பிறந்த பிறகோ, தங்கச்சிக்குப் பொருத்தம் பார்க்கேக்கயோ அவை திரும்பி வருவினம், அண்டு வரைக்கும் கடையின்ட பெயரைக் கேட்டா எரிச்சல் வராம இருந்தா. நாளைக்கு மூண்டு தரம் கத்துற கடைக்கும் கிழமைக்கு ஒருக்கா விஷயத்தோட வாற கடைக்கும் உள்ள வித்தியாசம் இதில தெரியும்.

பெரிய கம்பனியளும் இந்தப் பக்கம்தான் திரும்பியிருக்கு எண்டு சொல்லுங்க. ஜிமெயிலும் யாஹுவும் 2024 பெப்ரவரியில ஒரு விதி கொண்டு வந்தது. ஒரு நாளைக்கு 5000க்கு மேல ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புறவை ஒரே கிளிக்கில விலகுற வசதி குடுக்க வேணும், ஸ்பாம் எண்டு முறைப்பாடு வாறது ஆயிரத்துக்கு மூண்டைத் தொடக்கூடாது, தொட்டா மெயில் போய்ச் சேராது. பக்கத்து இந்தியாவில 2023 நவம்பர்ல நுகர்வோர் அதிகார சபை 13 வகையான ஏமாத்து டிசைன்களைப் பட்டியல் போட்டுத் தடுத்திருக்கு, அதில முதல்ல வாறதே இந்தப் பொய் அவசரம், "இன்னும் ரெண்டுதான்" எண்ட கதை.

அவரிட்ட கொண்டு போகக்கூடிய யோசனை ஒண்டு எழுதுறன், ஒரு மாசத்துக்குச் செய்து பார்ப்பம் எண்டு கேளுங்க:

வாங்கின லிஸ்டை முழுசா விடுறது. பில் போடேக்க வாடிக்கையாளரிட்ட "புதுச்சரக்கு வந்தா கிழமைக்கு ஒருக்கா சொல்லவா?" எண்டு கேக்கிறது, ஓம் எண்டா மட்டும் சேர்க்கிறது, எந்த மொழியில வேணும் எண்டும் அப்பவே கேக்கிறது. கொழும்பில ஒரு சிங்கள வாடிக்கையாளருக்குத் தமிழில மூண்டு பந்தி அனுப்பினா அதுவும் அவவின்ட நேரத்தை வீணாக்கிறதுதான்.

அனுப்புறது பகலில, அதுவும் ஒரு மெசேஜ். முதல் வரியிலயே யார், என்ன, என்ன விலை எண்டு இருக்க வேணும், திறந்து பார்த்துத்தான் விளங்கும் எண்டு ஒளிக்கக்கூடாது. கடைசி வரியில "வேண்டாம் எண்டு ஒரு பதில் போடுங்க, நிப்பாட்டுறம்", போட்டா அண்டைக்கே நிப்பாட்டுறது. இருப்பு ரெண்டு எண்டா ரெண்டு, நாப்பது எண்டா எண்ணிக்கையே வேண்டாம்.

லிஸ்ட் ஆறாயிரத்தில இருந்து முந்நூறுக்கு இறங்கும். முதலாளிக்கு அதைப் பார்க்க நெஞ்சு பதறும். அந்த முந்நூறு பேரும் கேட்டு வாங்கின ஆக்கள் எண்டதை அந்தக் கொப்பிக் கணக்கோட சேர்த்துக் காட்டுங்க. உடன விற்பனை கூடும் எண்டு நான் வாக்குத் தர மாட்டன், முதல் மாசம் குறையவும் கூடும், அதையும் அவருக்கு முன்கூட்டியே சொல்லுறதுதான் நல்லது.

வேலையை விடுறதா, பேஸ்புக்கில போடுறதா

பேஸ்புக்கில போட வேண்டாம். உங்கட கோவம் நியாயம், ஆனா அந்த ஸ்கிரீன்ஷொட்டுகளில வாடிக்கையாளர்களின்ட பெயரும் நம்பரும் இருக்கு, அவையின்ட தரவை இன்னொரு தரம் நீங்களே வெளியில விடுறதாப் போயிடும். அதோட மானநட்ட வழக்கு, 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் எண்டு உங்களைத் திருப்பிப் பிடிக்க வழிகள் இருக்கு, வழக்கில நீங்க வெண்டாலும் அதுக்குள்ள போற காசும் காலமும் அப்பாவின்ட நிலைமைக்குத் தாங்காது. முறைப்பாடு செய்யிறதெண்டா நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குச் செய்யுங்க, அது உங்கட உரிமை.

முதலாளியோட வாயால கதைச்ச பிறகு, அதே நாளில அவருக்கு ஒரு சின்ன ஈமெயில் போடுங்க. மிரட்டல் வேண்டாம், மரியாதையா நாலு வரி: இண்டைக்குக் கதைச்சது இது, இந்த லிஸ்ட் எங்கயிருந்து வந்தது எண்டு எனக்குத் தெரியாது, அதைப் பாவிக்கிறதும் பொய்யான எண்ணிக்கை போடுறதும் அவசர அறிவித்தல் மாதிரிப் படம் செய்யிறதும் எனக்குச் சரியாப் படேல்ல, இதுக்குப் பதிலா இந்த யோசனையைத் தாறன். பிறகு எப்பவாவது "இவதான் எல்லாம் செய்தவ" எண்டு கதை வந்தா, அந்த நாலு வரி உங்களோட நிக்கும். ஒரு கொப்பியை உங்கட சொந்த முகவரிக்கும் போடுங்க, ஆனா லிஸ்டையோ வாடிக்கையாளர் விபரத்தையோ அதோட இணைக்க வேண்டாம்.

அவர் கேட்டார் எண்டா இருங்க. நீங்க உள்ள இருந்து மாத்துற ஒரு கடையால ஆறாயிரம் பேருக்கு நிம்மதி, அது சின்ன விஷயம் இல்லை. கேக்காம, லிஸ்டைத்தான் பாவிக்க வேணும், உங்கட சிம்லதான் அனுப்ப வேணும் எண்டு நிண்டார் எண்டா வெளிக்கிடுறதுக்கு ஆயத்தம் செய்யுங்க, ஆனா கோவத்தில ஒரே நாளில கடிதம் குடுத்திட்டு வர வேண்டாம். நியமனக் கடிதத்தில எத்தனை நாள் முன்னறிவித்தல் எண்டு பாருங்க. ஈபிஎஃப் எண்ட ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கட சம்பளத்தில 8 வீதம் வெட்டுறது மட்டும் இல்லை, அவர் 12 வீதம் போடுறாரா, ஈடிஎஃப் எண்ட ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் போகுதா எண்டு முதல்ல பார்த்து வையுங்க. அடுத்த வேலையைத் தேடிக்கொண்டு விடுங்க, வீட்டுக்கு உங்கட சம்பளம் தேவை எண்டது எனக்கு விளங்குது, இன்னும் ரெண்டு மாசம் அங்க இருந்தா நீங்க கூடாத ஆள் ஆகிட மாட்டீங்க. அந்த ரெண்டு மாசத்தில எதைச் செய்யிறது எதைச் செய்யாம விடுறது எண்டு உங்களுக்கு இப்ப தெரியும். போகேக்க பேஜின்ட பாஸ்வேர்டை எழுத்தில ஒப்படைச்சு ஒரு கையொப்பம் வாங்குங்க, நம்பர் ஒண்டும் உங்கட போனில மிஞ்ச விடாதீங்க.

அம்மாவின்ட போன் பத்தி நீங்க கேக்கேல்ல, ஆனா சொல்லாம விட ஏலாது. போனில "தொந்தரவு செய்யாதே" எண்ட செட்டிங்கைப் போட்டு, கிளினிக் நம்பரையும் உங்கட நம்பரையும் மட்டும் விதிவிலக்கா வைக்கலாம், அப்ப அந்த ரெண்டு கோலுக்கும் மட்டும் சத்தம் வரும். வட்ஸ்அப்பில குரூப்பில சேர்க்கக்கூடிய ஆக்கள் "என் தொடர்புகள்" மட்டும் எண்டு மாத்தி விடுங்க. அஞ்சு நிமிஷ வேலை.

கடைசியா, லிஸ்ட் விஷயத்தில யாராவது உங்களைக் கூப்பிட்டு விசாரிச்சா, தனியப் போய்ப் பதில் எழுதிக் குடுக்காதீங்க. லோயருக்குக் குடுக்கக் காசில்லை எண்டா கொழும்பு புதுக்கடைப் பகுதியில சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு, வருமானம் குறைஞ்ச ஆக்களுக்காகத்தான் அது இருக்கு. நியமனக் கடிதம், சிம் எடுத்த பத்திரம், நான் சொன்ன அந்த ஈமெயிலின்ட கொப்பி, மூண்டையும் ஒரு பைலில போட்டு இந்தக் கிழமையே எடுத்து வையுங்க.